ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரைக் கவனிப்பது: முதல் ஆறு வாரங்கள்

மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து (அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து) ஸ்டென்ட் வைத்தவரை, சிக்கல் ஏதும் இல்லாவிட்டால் மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதுவரை மானிட்டரும் நர்ஸும் பார்த்துக்கொண்ட வேலை அன்று மாலையிலிருந்து மனைவிக்கோ மகனுக்கோ மருமகளுக்கோ வந்து சேர்கிறது. இந்தக் குறிப்புகள் அவர்களுக்காக.

வீட்டில் நடக்கும் தவறுகளில் பாதி அக்கறை மிகுந்துபோவதால் வருபவை. ஒரு மாதம் அசையாமல் படுக்க வைப்பது, மாத்திரை 'சூடு' என்று பாதியைக் குறைப்பது, வெறும் கஞ்சியும் ஊறுகாயுமாகப் பத்தியம் போடுவது எல்லாம் பாசத்தில் செய்வதுதான். மூன்றுமே கெடுதல்.

டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியை மடித்துப் பையில் வைக்கும் முன், வார்டு நர்ஸை நிறுத்தி நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எந்த ரத்தக்குழாயில் எத்தனை ஸ்டென்ட், வேறு குழாயில் அடைப்பு மீதம் இருக்கிறதா? எக்கோவில் (இதய ஸ்கேனில்) இ.எஃப். எவ்வளவு? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு? எந்த மாத்திரை எத்தனை மாதத்துக்கு?

இ.எஃப். என்பது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 40-க்குக் கீழே என்றால் உப்பு, தண்ணீர், உடல் எடை மூன்றிலும் கூடுதல் கண்டிப்பு வேண்டும். நடையையும் மருத்துவர் சொன்ன அளவில்தான் கூட்ட வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிபி, சர்க்கரை மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுவது மிக முக்கியம். பழைய அட்டையில் எகோஸ்பிரின் (அதுவும் ஆஸ்பிரின்தான்) இருக்கும். புதிய சீட்டில் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்த மாத்திரை வேறு பெயரில் இருக்கும். இரண்டையும் போட்டால் ஆஸ்பிரின் இரட்டிப்பாகிவிடும். அட்டையில் பெரிதாக அச்சிட்ட கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒப்பிடுங்கள்.

கம்பி விட்ட இடம்

மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் அந்தக் கையால் ஒரு வாரத்துக்கு 2 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், மாவு அரைக்கும் கல், கை ஊன்றி எழுவது, வண்டியை மெயின் ஸ்டாண்டில் இழுத்துப் போடுவது எல்லாம் இதில் அடக்கம். தொடை இடுக்கு வழியாக என்றால் ஒரு வாரம் குந்தி உட்காரக் கூடாது. வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால் வாடகைக்கோ விலைக்கோ ஒரு கம்மோடு நாற்காலியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

நீலமாகக் கன்றியிருப்பதும், பட்டாணி அளவு கட்டி தட்டுப்படுவதும் வழக்கம்தான். இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும். கட்டி நாளுக்கு நாள் பெரிதானால், துடித்தால், கை அல்லது கால் சில்லிட்டு மரத்துப்போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, இடைவிடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். தொடை என்றால் ஆளைச் சமமாகப் படுக்க வைத்துவிட்டு அழுத்த வேண்டும். நின்றதா என்று இடையில் துணியை எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. உறைய ஆரம்பித்தது பிய்ந்துவிடும். 10 நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் அழுத்திய கையை எடுக்காமலே இன்னொருவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரைகள்

எதில் வேண்டுமானாலும் தவறலாம், இதில் கூடாது. ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் நிற்கும் உலோக வலை. அதன் மேல் உடலின் சொந்தச் சவ்வு படர்ந்து மூடும்வரை, ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். அதன் மேல் உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் இரண்டு மாத்திரைகள்: ஆஸ்பிரின் 75 மி.கி., அதோடு க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் அல்லது பிராசுக்ரெல். வழக்கமாக இந்த ஜோடி ஓர் ஆண்டுக்கு. ஆஸ்பிரின் பெரும்பாலும் அதற்குப் பிறகும் தொடரும். நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். அது அடுத்த மாரடைப்பு. முதல் மாதத்தில் இந்த ஆபத்து மிக அதிகம்.

மாத்திரை நின்றுபோவதற்குக் காரணங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பொங்கல், தீபாவளி விடுமுறையில் கடை மூடியிருந்தது. அரசு மருத்துவமனை ஓ.பி. நாள் தவறிப்போனது, பல் மருத்துவர் 'ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாங்க' என்றார், ஷேவ் செய்தபோது வெட்டி ரத்தம் நிற்கவில்லை என்று பயந்து தாங்களே நிறுத்தினார்கள். ஏழு நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். பணம் தட்டுப்பட்டால் மாத்திரையைக் குறைக்காதீர்கள். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்து ஜெனரிக்காகக் குறைந்த விலையில் கிடைக்கும். பல் பிடுங்குவதானாலும், கண் அறுவை சிகிச்சையானாலும், ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

டிகாக்ரெலார் ஒரு நாளைக்கு இருவேளை மருந்து. காலை 8, இரவு 8 என்று 12 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் ஒன்று, 'ராத்திரி தூங்கிட்டார், எழுப்ப மனசு வரல' என்பது இங்கே செல்லாது. இந்த மருந்தில் சிலருக்கு, ஓடாமல் நடக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு போதாத மாதிரி இருக்கும். மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம், இதயம் தளர்ந்ததாலும் இருக்கலாம். வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. மருத்துவரிடம் சொல்லுங்கள், வேண்டுமானால் மருந்தை அவர் மாற்றுவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடோர்வாஸ்டாடின் 40 அல்லது 80 மி.கி. கொழுப்புக்கானது, 'ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் நார்மல்தானே' என்று நிறுத்தக் கூடாது, ஏனென்றால் இங்கே நார்மல் போதாது, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே போக வேண்டும் என்பதே இன்றைய இலக்கு. தொடை, புஜம் கடுமையாக வலித்து, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் உடனே சொல்லுங்கள். மெட்டோப்ரோலால் துடிப்பைக் குறைக்கும். அதில் மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டியது ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறி பிபி சரியும். பிபி மாத்திரையான ராமிப்ரில் போட்ட சில வாரத்தில் சளியே இல்லாத வறட்டு இருமல் வந்தால், இருமல் சிரப் வாங்கிக் கொடுத்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் காலை உணவுக்கு அரை மணி முன்பு. நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் கொடுங்கள். சாயங்காலம் கொடுத்தால் இரவெல்லாம் எழுந்து போய் இருட்டில் விழுவார்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

மூட்டுவலி, தலைவலி என்று கடையில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வாங்கிப் போடுவது இவருக்கு இனி இல்லை. வயிற்றில் ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, மறுபடி மாரடைப்பு மூன்றுக்கும் அது வழி. பாரசிட்டமால் போதும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாதவருக்கு மலம் தார் போலக் கருத்துப் போனால் அது வயிற்று ரத்தம். அன்றே காட்ட வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாத்த வேண்டாம். முன்பக்கம் குனிந்து உட்கார வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் பிடியுங்கள்.

மருதம்பட்டைக் கஷாயம், இஞ்சி-பூண்டு-எலுமிச்சை-ஆப்பிள் சிடர் வினிகர் கலந்த 'அடைப்பு கரைக்கும்' மருந்து என வாட்ஸ்அப்பில் வருவது ஓயாது. ஸ்டென்டுக்குள் உறைவதை இவை தடுக்காது. சாப்பாட்டில் பூண்டு இருக்கட்டும். மருந்தாக எதைத் தொடங்குவதானாலும் மருத்துவர் காதில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலைக் குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, எடை, துடிப்பு, பிபி, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவு, நடந்த நிமிடம், தொந்தரவு ஏதாவது. ஒரு நாளைய அளவைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் மருத்துவருக்குப் பயன்படும்.

எடை: காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், அதே மாதிரி உடையில், அதே மெஷினில். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு தலையணை கேட்கிறார், நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார், செருப்பு வார் கணுக்காலில் பதிகிறது என்றாலும் இதே செய்திதான். மறுநாள் வரை காத்திராமல் போன் செய்யுங்கள். மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் 108.

துடிப்பு: கம்பி விடாத கையில், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுப் பள்ளத்தில், உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவதும் வேண்டாம்; இடையில் விட்டுவிட்டுத் துடிப்பது அதில் தெரியாது. முழு 60 வினாடி எண்ணுங்கள். மெட்டோப்ரோலால் போடுபவருக்கு 55, 60 என்று இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். 50-க்குக் கீழே போனாலோ, ஓய்வில் 120-க்கு மேல் ஓடினாலோ, தலைசுற்றி மயங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

பிபி: காபி குடித்து அரை மணி கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கையை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்து. 130/80-க்குக் கீழே இருப்பது நல்லது. மேல் எண் 100-க்குக் கீழே இறங்கி, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அடுத்த வேளை பிபி மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தி, பேதி நாட்களில் இது சட்டென்று நடக்கும்.

நடை

படுத்தே கிடந்தால் தசை கரைகிறது, காலில் ரத்தம் உறைகிறது, மலம் கட்டுகிறது, மனம் சோர்கிறது. வீட்டுக்கு வந்த மறுநாளே ஹாலுக்கும் வாசலுக்கும் 5 நிமிடம், நாளைக்கு மூன்று முறை நடக்கட்டும். நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். இரண்டாம் வாரம் சமதளத் தெருவில் 10 முதல் 15 நிமிடம், இருவேளை. நான்காம் வாரத்தில் 20, ஆறாம் வாரத்தில் 30 நிமிடம். முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும் மெதுவாக.

வேகம் சரியா என்று பார்க்க எளிய வழி: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாமல் நடக்க வேண்டாம். வெயில் காலத்தில் காலை 9-க்குள் முடித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கூட ஒருவர் போங்கள். நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், வியர்த்துக் கொட்டினால் அங்கேயே உட்கார வையுங்கள். 'வீடு பக்கத்துலதானே' என்று நடத்திக் கூட்டிவர வேண்டாம்.

மாடிப்படி தடை இல்லை, மெதுவாக ஏறலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலைதான் கூடாது: சிலிண்டர் நகர்த்துவது, பைக்கைக் கிக்கர் உதைப்பது, இறுகிய ஜன்னலைத் தள்ளுவது. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் பலர் சில வாரங்களில் திரும்புகிறார்கள். சுமை தூக்குபவர், கட்டட வேலை செய்பவர் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே போக வேண்டும். தாம்பத்தியம் பற்றிக் கேட்கப் பலரும் கூசுவார்கள். இரண்டு மாடி விறுவிறுவென ஏறி நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லை என்றால் பொதுவாகத் தடையில்லை.

குளியலறை

தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். வெதுவெதுப்பான நீர், உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முக்குவது கூடாது, முக்கும்போது பிபி ஏறி உடனே இறங்கும், அந்த இறக்கத்தில்தான் மயக்கம் வருகிறது. மலச்சிக்கல் இருந்தால் இரவில் ஒரு டம்ளர் நீரில் இசப்கோல் இரண்டு ஸ்பூன். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஓரமாக ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

சாப்பாடு

ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சாம்பார், பொரியல், மோர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. அவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால் பத்து நாளில் சலித்துவிடும். வீட்டுக்கே உப்பைக் குறைப்பதுதான் நிலைக்கும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு இந்த ஐந்தையும் நிறுத்தினாலே பெரும்பகுதி முடிந்தது. கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் (ஒரு வகை நீர் மாத்திரை) போடுபவருக்கும், கிரியேட்டினின் கூடியவருக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். தினமும் இளநீர் கொடுப்பதும் அவர்களுக்கு அதே சிக்கல்தான்.

எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்ச வேண்டாம். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ. மத்தி, அயிலை குழம்பாக வாரம் இருமுறை நல்லது. வறுத்தால் அந்த நன்மை போய்விடும். வயிறு முட்டச் சாப்பிட்டால் இதயத்துக்கு வேலை கூடும் என்பதால் நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் காலையில் பாட்டிலில் அந்த அளவை நிரப்பி வையுங்கள்; காபி, ரசம், மோர் கொடுக்கும் போதெல்லாம் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து வெளியே ஊற்றிவிடுங்கள். அமாவாசை, சஷ்டி விரதமோ நோன்போ இந்த ஆறு வாரத்தில் வேண்டாம், சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு நிச்சயமாக வேண்டாம்.

பீடி, சிகரெட் பற்றி விவாதமே இல்லை. வீட்டில் மற்றவர் புகைப்பதும் அவர் நுரையீரலுக்குள்தான் போகிறது.

மனமும் வருபவர்களும்

ஐந்தில் ஒருவருக்கு மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு வருகிறது. திடீர் அழுகை, எரிச்சல், தூக்கமின்மை, 'இனி என்ன இருக்கு' என்ற பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சோர்ந்தவர்தான் மாத்திரையையும் நடையையும் முதலில் விடுவார்.

பார்க்க வருபவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். 'எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான், மூணாவது நாள்...' என்று தொடங்குபவரைக் காபி குடிக்கச் சமையலறைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

நெஞ்சுவலி வந்தால்

விரல் நுனியால் ஓர் இடத்தைக் காட்டி 'இங்க குத்துது' என்பது பெரும்பாலும் தசைவலி. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து 'அழுத்துது' என்பதும், கை, தாடை, முதுகுக்குப் பரவுவதும், குளிர்ந்த வியர்வையும் இதயத்தின் வலி. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், மேல்வயிற்று எரிச்சலாக மட்டும் வரலாம். 'கேஸ்' என்று சோடாவும் ஜெலுசிலும் கொடுத்துப் பார்க்கும் அரை மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் இதயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1. உட்கார வையுங்கள். நிற்க வைத்துச் சார்பிட்ரேட் (நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை) கொடுத்தால் பிபி சரிந்து விழுவார்.
2. மருத்துவர் எழுதித் தந்த சார்பிட்ரேட் 5 மி.கி. ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள். விழுங்க வேண்டாம். வாய் உலர்ந்திருந்தால் ஒரு மடக்கு நீரால் நனைத்துவிட்டு வையுங்கள். தலைவலி வரும், அது வழக்கம். பிபியின் மேல் எண் 100-க்குக் கீழே இருந்தாலோ, வயாக்ரா வகை மாத்திரை 24 மணி நேரத்துக்குள், அதே வகையில் நீண்ட நேரம் நிற்கும் டடலாஃபில் 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தாலோ கொடுக்கவே கூடாது.
3. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் வலி போகவில்லை அல்லது கூடுகிறது என்றால் 108. ஸ்டென்ட் வைத்தவர், எந்த நாளில் வைத்தது, என்ன மாத்திரைகள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டாம்.
4. இருமினால் மாரடைப்பு நிற்கும் என்ற செய்தியை நம்பி நேரம் கடத்த வேண்டாம்.
5. நினைவிழந்து மூச்சும் இயல்பாக இல்லை என்றால், தரையில் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். மெத்தை மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தையும் மருத்துவமனை எண்ணோடு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சார்பிட்ரேட் அட்டை எங்கே இருக்கிறது என்பது பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே கிளம்பினால் அவர் சட்டைப் பையில் ஒன்று இருக்க வேண்டும். அட்டையின் காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஆறாவது வாரம்

மறுபரிசோதனைக்குப் போகும்போது குறிப்பேடு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள் மூன்றையும் எடுத்துப் போங்கள். இந்தச் சமயத்தில் கொழுப்பு, கல்லீரல், கிரியேட்டினின், பொட்டாசியம் பார்ப்பார்கள், இ.எஃப். குறைவாக இருந்தவருக்கு எக்கோ மறுபடி எடுப்பார்கள். மீதி அடைப்புக்கு என்ன திட்டம், வண்டி எப்போது ஓட்டலாம், ஃப்ளூ தடுப்பூசி எப்போது போடலாம் என்ற மூன்று கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் முன்னமே எழுதி வையுங்கள். உள்ளே போனதும் மறந்துபோகும் கேள்விகள் இவை.